கரோலினாவில் வந்தவர்கள்

செயின்ட் ஜார்ஜ் துறைமுகம், பெர்முடா
1799 டிசம்பர் 4

அன்புள்ள அக்கா தொர்காளுக்குத் தம்பி எல்க்கானா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படியிருக்கிறது? பர்சிலாய் அத்தான் மீன்பிடி முடித்துக் கரையேறிவிட்டாரா?

சந்தோஷமான செய்தி ஒன்று. எங்கள் 'கெஸ்ட்ரல்' போன மாதம் எட்டாம் தேதி எதிரிகளான ஸ்பானியர்களின் கப்பல் ஒன்றைப் பிடித்தது. 'கரோலினா' என்று பெயர். சின்னக் கப்பல்தான், இரண்டு பாய்மரம், வயிறு நிறையக் காப்பியும் சர்க்கரையும். ஹாலிஃபாக்ஸ் கடல் வழக்கு மன்றத்தில் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் பொறுப்பை, ஐந்து ஆட்களையும் கொடுத்து, கேப்டன் ஸ்டர்ஜிஸ் என்னிடம் விட்டிருக்கிறார். உன் தம்பி இப்போது ஒரு கப்பலுக்குத் தலைவன். அம்மாவிடம் சொல்.

இங்கே ஒதுங்கியது தண்ணீருக்காக. எங்கேயோ ஒழுகுகிறது. ஆறு பேருக்கு இரண்டு மாதம் வரவேண்டிய தண்ணீர் நாலு வாரத்துக்குள் அடிதட்டிவிட்டது. தினமும் காலையில் அளவுகோலை விட்டுப் பார்க்கிறேன். பதிமூன்று பேர் குடித்தது போலக் குறைந்திருக்கிறது. பீப்பாய்களை உருட்டிப் பார்த்தோம். அடிப்பலகை காய்ந்து கிடக்கிறது. நம் ஊர் ஆசாப் இருக்கிறானே, அவன் சிரித்தான்: "நாம குடிக்கலைடா, கப்பலே குடிக்குது. ஸ்பானியக் கப்பலுக்கு நம்ம ரம் பிடிக்கலை போல." இரண்டு நாளாக அவனும் சிரிப்பதில்லை.

பீப்பாய்களைப் புதிதாக மாற்றிவிட்டுக் கிளம்புகிறோம். எங்களுக்காக ஜெபித்துக்கொள்.

உன் தம்பி
எல்க்கானா


கார்வர் துறை, நோவா ஸ்கோஷியா
1800 ஜனவரி 6

அன்புத் தம்பி எல்க்கானாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மா அடுப்புப் பக்கத்திலேயே இருக்கிறாள். உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "கப்பல் தலைவனா? அவனா? சட்டைக்குப் பித்தான் போடத் தெரியாதேடி அவனுக்கு" என்றாள். ஆனாலும் பக்கத்து வீட்டு ஜெருஷாவைக் கூப்பிட்டு அதையே இரண்டு தரம் சொன்னாள்.

உன் அத்தான்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கப்பலைப் பிடிச்சா அதுல இருந்தவங்கள்ல ரெண்டு பேரையாவது சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகணுமே. உன் தம்பி நம்ம ஆளுங்க ஆறு பேரைத்தானே சொல்றான்?" எனக்குத் தெரியவில்லை. எழுதத் தோன்றாமல் விட்டிருப்பாய் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுது, அவர் வாய் அடங்கும்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன். பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா
தொர்காள்


ஹாலிஃபாக்ஸ்
1800 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் நலமென்று நம்புகிறேன். கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து வாக்குமூலம் கொடுத்தாயிற்று. 'கெஸ்ட்ரல்' திரும்பி வந்ததும் விசாரணை. அதுவரை நான் இங்கேதான் இருக்கவேண்டும்.

அத்தான் கேட்டதற்குப் பதில்: ஸ்பானியர்கள் எங்களைக் கண்டதும் தங்கள் படகில் ஏறித் தப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

திருமதி பாய்ட் என்ற விதவையின் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். நல்ல மனுஷி, வாய்தான் நீளம். "ஏம்ப்பா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வாளி தண்ணியா? மாடியில குதிரை ஏதும் கட்டி வெச்சிருக்கியா?" என்று தினமும் கேட்கிறாள். எனக்குத் தாகம் அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆசாப் விடுப்பில் ஊருக்கு வருகிறான். அவனிடம் உனக்கு ஒரு தையல் பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாதுமை மரம். கப்பலில் கிடைத்தது.

எல்க்கானா


கார்வர் துறை
1800 பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லையே என்று கவலையாக இருக்கிறது. சாப்பிடுகிறாயா? ஆசாப் இளைத்துப் போய் வந்திருக்கிறான். உன்னைப் பற்றிக் கேட்டால் பெட்டியை நீட்டிவிட்டுத் தொப்பியைத் தேடுகிறான்.

பெட்டி அழகாக இருக்கிறது. ஆனால் எல்க்கானா, இது ஒரு பெண்ணின் பெட்டி. தைக்கும்போது மாட்டும் விரலுறையின் உள்பக்கம் இன்னும் தேய்ந்த பளபளப்பு. அடித்தட்டில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. பீப்பாய் கட்டும் ஹைன்ட்ஸ் பல தேசத்துக் கப்பல்களில் போனவராயிற்றே என்று அவரிடம் காட்டினேன். தாளைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "இது ஸ்பானிஷ் இல்லைம்மா. டேனிஷ். தைக்கவேண்டிய துணிக்குக் கணக்குப் போட்டிருக்காங்க. புருஷன் சட்டைக்குக் கை நீளம் வைக்கணும்னு எழுதியிருக்கு. போன அக்டோபர், செயின்ட் தாமஸ் தீவு" என்றார். பிறகு தாளை என் கையில் வைத்துவிட்டு, "டேனிஷ்காரங்களோட நமக்குச் சண்டையே கிடையாதே" என்றார்.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெட்டி வந்த மறுநாள் மத்தியானம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் படுத்திருந்த அம்மா, "கிணத்தடியில ஒரு பொம்பளை எவ்வளவு நேரமா நிக்கிறா. தண்ணி இறைச்சுக் குடேன், உனக்குக் கண்ணு இல்லையா?" என்று அதட்டினாள். போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு பனி. என் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். நெற்றி சில்லென்று இருந்தது.

அந்தப் பெண் யார் என்று எழுது.

தொர்காள்


ஹாலிஃபாக்ஸ்
1800 மார்ச் 14

அக்காவுக்கு,

நலம். அந்தப் பெட்டியை அடுப்பில் போடு. தாளையும் போடு. ஹைன்ட்ஸிடம் இனிப் பேசாதே. கடலில் ஒரு கப்பலின் பொருள் இன்னொரு கப்பலுக்குப் போவது சகஜம். ஸ்பானியர்கள் எங்கேயாவது வாங்கியிருப்பார்கள்.

அம்மா கேட்டால் தண்ணீர் கொடுத்துவிட்டதாகச் சொல். நிஜமாகவே ஒரு வாளி கொண்டுபோய் வைத்தாலும் தப்பில்லை.

எல்க்கானா


கார்வர் துறை
1800 மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

பெட்டியை எரிக்கவில்லை. நீ சொன்னபடி வாளியை வைத்தேன். மத்தியானம் வைத்தேன், அம்மா தூங்கி எழுவதற்குள் வாளி காலி. ஆடு மாடு வந்த தடமில்லை. வாளியின் பக்கத்தில் பனி கரையக்கூட இல்லை.

நீ சின்ன வயதில் பொய் சொன்னால் வாக்கியம் குட்டையாகிவிடும். இந்த இரண்டு கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன. உன் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் ஆறு பேர். பதிமூன்று பேர் குடித்தது போலத் தண்ணீர் குறைந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். பதிமூன்றில் ஆறு போனால் ஏழு. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அத்தானிடம்கூட.

எதிரிக் கப்பலைப் பிடிக்க அரசர் கொடுத்த அனுமதிச் சீட்டு கையில் இருப்பதால் நீங்கள் எதிரியின் கப்பலைப் பிடித்தால் அது போர். சண்டையில்லாதவன் கப்பலைப் பிடித்தால் அது கொள்ளை, எத்தனை சீட்டு இருந்தாலும். இது எனக்கே தெரிகிறது.

அந்த ஏழு பேர் எங்கே, எல்க்கானா?

தொர்காள்


கார்வர் துறை
1800 ஏப்ரல் 27

தம்பிக்கு,

நாலு வாரமாக உன் பதிலில்லை. இந்தச் செய்தியை நேரில் சொல்ல நினைத்தேன்.

அம்மா வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். வேதனைப்படவில்லை. வெல்லப்பாகு கரைத்த வெந்நீர் இரண்டு மிடறு குடித்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கையசைத்து, "வாங்க, வாங்க, ஏன் நிக்கிறீங்க" என்றாள். வாசலில் யாருமில்லை. என் பக்கம் திரும்பி, "ஏழு பேரும் உள்ள வந்துட்டாங்களா? வந்துட்டாங்கன்னா கதவைச் சாத்துடி, காத்து அடிக்குது" என்றாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். வேறென்ன செய்ய? திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

மண் இன்னும் உறைந்தே இருக்கிறது. தோண்ட இரண்டு நாள் ஆயிற்று. சனிக்கிழமை அடக்கம். ஆசாப் வந்தான்; குழிக்குள் மண் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

நீ வரவேண்டாம். எழுது.

தொர்காள்


ஹாலிஃபாக்ஸ்
1800 மே 12

என் அக்காவுக்கு,

அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் தகுதியும் இல்லை.

ஏழு பேர்தான். கேப்டன் ஹோல்ம், அவர் மனைவி பிர்கிட்ட, ஒரு மாலுமித் தலைவன், தச்சன், சமையற்காரன், இரண்டு மாலுமிகள். டேனிஷ் கப்பல். ஏறிப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நியாயமாக வணக்கம் சொல்லிப் போகவிட்டிருக்கவேண்டும். மூன்று மாதமாக எங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. எந்த நாட்டுக் கப்பல் என்று காட்டும் அவர்களுடைய தாள்களை ஸ்டர்ஜிஸ் சமையல் அடுப்பில் போட்டார். வேறொரு கப்பலில் எடுத்து வைத்திருந்த ஸ்பானியத் தாள்களை அவற்றின் இடத்தில் வைத்தார். "தாள் மாறிடுச்சு. வாய்தான் பாக்கி" என்றார். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

டர்க்ஸ் தீவுக்குத் தெற்கே நோடித் திட்டு என்று ஒரு மணல்மேடு. நோடி என்ற கடற்பறவைகளைத் தவிர எதுவும் இல்லை. ஊற்று இல்லை. அங்கே அவர்களை இறக்கும் படகை ஓட்டியவன் நான். ஒரு பீப்பாய் தண்ணீரோடு இறக்கினேன். ஆமை பிடிக்க ஆட்கள் வருவார்கள், ஒரு வாரத்தில் கூட்டிப் போவார்கள் என்று ஸ்டர்ஜிஸ் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மாள் பீப்பாயைக் காட்டி ஒரு விரலைத் தூக்கினாள். "ஒண்ணுதானா?" என்கிறாள் என்று புரிந்தது. நான் இரண்டு விரலைக் காட்டி, கப்பலைக் காட்டி, திரும்பி வருகிறேன் என்று கைகாட்டினேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நம்பினாள், அக்கா.

கப்பலில் ஏறி இரண்டாவது பீப்பாயைக் கேட்டேன். ஸ்டர்ஜிஸ் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். நான் போய்ப் பாய்க்கயிற்றைப் பிடித்தேன். அவர்கள் ஏழு பேரும் கரையில் வரிசையாக நின்று, படகு வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசிவரை யாரும் கத்தவில்லை.

எனக்குத் தெற்கே ஒரு வேலை இருக்கிறது. பெட்டியை இனி எரிக்கவேண்டாம். இந்தக் கடிதத்தை உன் இஷ்டப்படி செய்.

எல்க்கானா


கார்வர் துறை
1800 மே 24

அன்புத் தம்பி எல்க்கானாவுக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, "மழை பெஞ்சிருக்கலாம். பறவை முட்டை, ஆமைன்னு இருந்திருக்கலாம். ஒருத்தராவது இருந்தா?" என்று எழுந்துவிட்டார். நம் மீன்பிடிப் படகில் திங்கட்கிழமை கிளம்புகிறார். கேட்பதற்கு முன்னாலேயே ஆசாப் மூட்டையோடு வந்து நின்றான். "எடம் எனக்குத் தெரியும் அண்ணே. நான் வரலைன்னா செத்துருவேன்" என்றான்.

இன்னொன்றும் செய்தேன். உன் கடிதத்தை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு உனக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். பாதிரியார் வீட்டுப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவரைப் பார்க்காமலே நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனேன். என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள். ஓடிப்போகாதே. நானும் உன்னோடு கோர்ட்டுக்கு வந்து நிற்கிறேன்.

சாப்பிடு. தூங்கு. அக்கா இருக்கிறேன்.

தொர்காள்


டர்க்ஸ் தீவு
1800 ஜூன் 30

அன்புள்ள தொர்காளுக்குப் பர்சிலாய் எழுதுவது.

நானும் ஆட்களும் நலம். நீ உட்கார்ந்து படி.

ஹாலிஃபாக்ஸில் திருமதி பாய்டைப் பார்த்தேன். மே பன்னிரண்டாம் தேதி உனக்குக் கடிதம் போட்ட கையோடு எல்க்கானா கிளம்பிவிட்டானாம். "இத்தனை மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சாரு. காலையில ரொட்டி ரெண்டு துண்டு கூடக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றாள். உப்பு ஏற்ற வரும் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறான். இங்கே உப்பு வாரும் ஒருவரிடம் சின்னப் பாய்ப் படகு வாங்கியிருக்கிறான். அந்த மனிதரிடம் பேசினேன். "ஒத்தை ஆளுக்கு நாலு பீப்பாய் தண்ணி எதுக்குன்னு கேட்டேன். எனக்கில்ல, அங்க ஏழு பேரு இருக்காங்கன்னான்" என்றார். அது ஜூன் ஆறாம் தேதி.

இருபத்தேழாம் தேதி காலை நோடித் திட்டைக் கண்டோம். நானூறு அடி எடுத்து வைத்தால் மறுமுனை. முழங்காலுக்கு மேல் செடி கிடையாது. அவன் படகு அலை எட்டாத உயரத்தில் இழுத்து விடப்பட்டிருந்தது. நாலு பீப்பாய்களும் படகின் நிழலில் வரிசையாக நின்றன.

மேட்டின் மேல் கல்லறைகள். சங்கும் பவளக் கல்லும் சுற்றி அடுக்கி, தலைமாட்டில் பீப்பாய்ப் பலகை நட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் செதுக்கி. ஹோல்ம், பிர்கிட்ட என்று ஆசாப் ஒவ்வொன்றாக வாசித்தான். ஏழு. ஏழும் பழையவை. மண் அமுங்கி, மேலே பறவைகள் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. ஏழு பேரில் கடைசியாகச் செத்தவரை யார் புதைத்தது என்று ஆட்களுக்குள் பேச்சு வந்தது. எல்க்கானா வந்து செய்திருப்பான் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

எட்டாவது ஒன்று இருந்தது, தொர்காள். அந்தப் பெண்ணின் கல்லறைக்குப் பக்கத்தில். புதிது. சங்குகள் இன்னும் ஈரம் காயாத வெள்ளை. மற்ற ஏழுக்கும் எப்படியோ அப்படியே கல் அடுக்கி, அதே பழைய பலகையில் அதே கை செதுக்கியிருந்தது. எல்க்கானா என்று. நாம் எழுதுகிற மாதிரி இல்லை. வாயில் ஒலிக்காத அந்தக் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அவன் வாயால் சொல்லக் கேட்டு, கேட்டபடி எழுதினவர் கை அது.

நாங்கள் திட்டை மூன்று தடவை சுற்றினோம். கூப்பிட்டோம். பறவைகள்தான் எழுந்தன. எங்கள் ஐந்து பேர் காலடியைத் தவிர மணலில் வேறு தடம் இல்லை.

கல்லை நீக்கிப் பார்க்கலாமா என்று ஆசாப் கேட்டான்.

பிற்பகல் காற்று திரும்பியது. பாய் விரித்துவிட்டோம். ஹாலிஃபாக்ஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வருகிறேன். தைரியமாக இரு.

உன்
பர்சிலாய்


கார்வர் துறை
1800 ஆகஸ்ட் 9

என் அன்புக் கணவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஜெருஷா தினமும் வந்து, சாப்பிட்டேனா என்று பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறாள். ஆசாப்பை உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிஃபாக்ஸில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'கெஸ்ட்ரல்' கரை சேர்ந்ததும் ஸ்டர்ஜிஸைப் பிடித்துவிட்டார்கள். அவருடைய ஆட்களில் நாலு பேர் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். 'கரோலினா'வை டேனிஷ்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம். தையல் பெட்டியையும் ஹோல்ம் வீட்டாருக்கு அனுப்பச் சொல்லி ஒப்படைத்துவிட்டேன்.

எல்க்கானாவுக்கு நான் மே மாதம் எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதனால் அவனைப் போகவைத்தது நானில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு மார்ச் மாதக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஏழு பேர் எங்கே என்று நான்தானே கேட்டேன்.

கல்லை நீக்கிப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வந்த பிறகும் சொல்லவேண்டாம்.

நேற்று மாஜிஸ்திரேட் கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எல்க்கானாவுக்கான மரணப் படிவத்தைக் குமாஸ்தா நிரப்பினார். பெயர், வயது, இறந்த இடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"அடக்கம் பண்ணினது யாரும்மா?"

"அந்தத் திட்டில இருந்தவங்க" என்றேன்.

அவர் மேலே எழுதியிருந்ததை விரல் வைத்துப் பார்த்தார். "அவங்கெல்லாம் முன்னாடியே இறந்துட்டதா இங்க போட்டிருக்கேம்மா?"

"ஆமா. அதுவும் சரிதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்கிறேனோ என்று நினைத்திருக்கவேண்டும். பேனாவை மையில் தோய்த்து எடுத்து, அந்த வரியின் மேல் கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு, "ஊர் கார்வர் துறைதானே?" என்று அடுத்ததைக் கேட்டார்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
தொர்காள்